ஒரே பக்கத்தில் இரண்டு கப்பல்கள்

பிப்ரவரி மாதம் வந்தால் அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள், நூலகங்கள் எல்லாவற்றிலும் கறுப்பின வரலாற்று மாதம் கொண்டாடப்படுகிறது. இதைத் தொடங்கி வைத்தவர் கார்ட்டர் உட்சன் என்ற கறுப்பின வரலாற்று ஆசிரியர். 1926-ல் அவர் தொடங்கியபோது அது ஒரு வாரம்தான். ஆபிரகாம் லிங்கன், ஃப்ரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் பிப்ரவரியில் வருவதால் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார். 1976-ல் அது ஒரு மாதமாக நீண்டது.

இந்த மாதத்தில் பலரும் செய்யும் ஒரு வேலை, ஆர்ட் ஜர்னலில் ஒரு பக்கம் தயாரிப்பது. ஆர்ட் ஜர்னல் என்றால் வேறொன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் ஒட்டி, வண்ணம் தீட்டி, நடுவில் ஒரு பெரியவரின் பொன்மொழியை அழகான எழுத்தில் எழுதுவது. நம் ஊரில் மாணவர்கள் செய்யும் ஆல்பம் போலத்தான். இது சின்னப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இதற்கே ஒரு வரலாறு இருக்கிறது!

கத்தரியும் பசையும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலடெல்ஃபியா நகரில் வில்லியம் டார்சி என்ற கறுப்பினத்தவர் வாழ்ந்தார். கறுப்பின மக்களைப் பற்றி செய்தித்தாளில் என்ன வந்தாலும் வெட்டி எடுத்து ஒட்டி வைப்பார். இப்படி அவர் சேர்த்தது ஒன்றிரண்டு நோட்டுகள் அல்ல, கிட்டத்தட்ட 400. பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அலெக்சாண்டர் கம்பியும் இதே வேலையைச் செய்தார். அவருடைய தொகுப்பு இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1974-ல் வெளிவந்த 'தி பிளாக் புக்' என்ற நூலும் இப்படி ஒட்டுப்புத்தக வடிவில் அமைந்ததுதான். அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசன்.

ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள்? பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. அதனால் தங்கள் பக்கத்தைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

பொன்மொழியில் ஒரு எச்சரிக்கை

பக்கத்தின் நடுவே எழுதும் வாசகத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஹாரியட் டப்மன் என்ற வீரப்பெண், தான் ஆயிரம் அடிமைகளை விடுவித்ததாகவும், தாங்கள் அடிமைகள் என்பது தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருக்க முடியும் என்றும் சொன்னதாக ஒரு வாசகம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆய்வாளர்கள் கணக்குப்படி, அவர் ஏறத்தாழ 13 முறை உயிரைப் பணயம் வைத்துப் போய் சுமார் 70 பேரை மீட்டு வந்தார். இந்த உண்மையே போதுமே! மேலும், தாங்கள் அடிமைகள் என்பது அந்த மக்களுக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும்.

சோஜர்னர் ட்ரூத் 1851-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பேசிய பேச்சும் இப்படித்தான். தானும் ஒரு பெண் இல்லையா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் கேள்வி, பேச்சு நடந்து 12 ஆண்டுகள் கழித்து இன்னொருவர் எழுதிய வடிவத்தில்தான் வருகிறது. 1851-லேயே செய்தித்தாளில் வந்த அறிக்கையில் அது இல்லை. அந்தப் பிற்கால வடிவம் அவரைத் தென்மாநில அடிமைகளின் கொச்சையில் பேச வைத்திருக்கிறது. அவரோ நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, டச்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்.

எனவே யார் சொன்னது, எங்கே, எந்த ஆண்டு என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் மட்டுமே பேனாவை எடுக்க வேண்டும்.

நெரவிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காரைக்காலை அடுத்த நெரவியில் உட்கார்ந்து ஒருவர் இந்தப் பக்கத்தைத் தயாரித்தால், அமெரிக்கப் படங்களை மட்டும் ஒட்டுவது பாதி வேலைதான். ஏனென்றால் இந்தக் கடற்கரைக்கே அந்த வரலாற்றில் பங்கு உண்டு.

1739 முதல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகங்களிலிருந்து மனிதர்கள் அடிமைகளாக மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு ஏற்றப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளோடு அதே தீவுகளில் அவர்களும் உழைத்தார்கள். ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் பிடித்து அடிமைகளாக விற்ற செய்தியைப் பாண்டிச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். கடைசியாக 1848 ஏப்ரல் 27-ல் விடுதலை ஆணை வந்தது. அந்த ஆணை கப்பலில் போய்ச் சேரும் வரை மார்த்தினிக் தீவின் அடிமைகள் காத்திருக்கவில்லை. மே 22 அன்று கிளர்ந்தெழுந்து தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். ஒழிப்புச் சட்டம் என்றதும் விக்டர் ஷோல்ஷேர் என்ற வெள்ளைக்காரர் பெயரை மட்டும் எழுதிவிட்டு, இந்த மே 22-ஐ விட்டுவிடக் கூடாது.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 1849-ல் பிரெஞ்சு அரசு நஷ்ட ஈடு கொடுத்தது. சுமார் 12 கோடியே 60 லட்சம் பிராங்க். யாருக்குத் தெரியுமா? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! தலைமுறை தலைமுறையாகக் கூலி இல்லாமல் உழைத்தவர்களுக்கு ஒரு காசு கூட இல்லை. சொத்துப் பட்டியலில் மனிதனை எழுதியவனுக்கு வரவு, எழுதப்பட்டவனுக்குப் பூஜ்யம்.

ஒரேலி கப்பல்

விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானனின் கரும்புத் தோட்டத்தில் அதே நிபந்தனையில் வேலை செய்ய விரும்பவில்லை. முதலாளிகள் வேறு ஆட்களைத் தேடினார்கள். பாண்டிச்சேரியும் காரைக்காலும் ஆள் அனுப்பும் துறைமுகங்கள் ஆயின. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே 6-ல் முதல் இந்தியத் தொழிலாளர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. 1854 டிசம்பர் 24-ல் அதே ஒரேலி குவாதலூப் தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. 1880-களின் இறுதிக்குள் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் இந்தியாவிலிருந்து போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்று பெயர். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

புதிய கூலிகள் வந்ததால், விடுதலை பெற்ற கறுப்பின மக்களால் நியாயமான கூலி கேட்டுப் பேரம் பேச முடியாமல் போனது. முதலாளிகளின் நோக்கமும் அதுதான். ஆகவே இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் வெறுப்போடு பார்த்தார்கள். 'கூலி' என்ற நம் சொல் அங்கே வசைச்சொல் ஆனது. ஒரே தோட்டத்தில் ஒரே முதலாளியிடம் அடிபட்ட இரண்டு ஏழைகள் எதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள். இது யாருக்கு லாபம்?

ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரின் ஓட்டுரிமைக்காக 1904-ல் வழக்குத் தொடுத்து, 1923 வரை விடாமல் போராடி வென்றார். மார்த்தினிக்கில் தமிழ் வழிவந்தவர்கள் அதிகம் வாழும் பாஸ் போயின்ட் ஊரில் 1913-ல் பிறந்தவர் எமே செசேர். கறுப்பினத்தின் பெருமையைப் பேசிய மாபெரும் கவிஞர் அவர். 1939-ல் வெளியான அவருடைய நெடுங்கவிதையில், தன்னோடு சேர்த்து ஒடுக்கப்பட்டவர்களைப் பட்டியலிடும்போது இந்தியனையும் சேர்த்துக்கொண்டார். அவர் தன் பக்கத்தில் நமக்கு இடம் கொடுத்துவிட்டார்!

பக்கத்தை எப்படி அமைப்பது?

நோட்டை விரித்து இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொள்ளலாம். பின்னணிக்கு நீல வண்ணம், கடலுக்காக. இடப்பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கே போகும் ஒரு கப்பல். வலப்பக்கம் காரைக்காலிலிருந்து போகும் ஒரு கப்பல். இரண்டும் வந்து சேரும் தீவு நடுவில். அதன் மேல் 22-5-1848 என்ற தேதி. கரும்புத் தோகையைக் காயவைத்து ஒட்டினால் இன்னும் அழகாக இருக்கும். வாசகம் ஒன்று போதும், சொன்னவர் பெயர், இடம், ஆண்டோடு. 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் ஃப்ரெடரிக் டக்ளஸ் பேசிய பேச்சு நல்ல தேர்வு. அமெரிக்காவின் சுதந்திர தினம் அடிமைக்கு என்ன அர்த்தம் தருகிறது என்று நேருக்கு நேராகக் கேட்ட பேச்சு அது.

கடைசியாக ஒரு மூலையில் நான்கைந்து கோடுகளைக் காலியாக விட வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் கிடந்த ஆப்பிரிக்கப் பெண்ணும், காரைக்காலில் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த விவசாயியும் சொன்ன சொல்லை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்காகப் பொய்யாக ஒரு பொன்மொழி எழுதுவதை விட, அந்த இடத்தை வெறுமையாக விடுவதே மரியாதை.

கறுப்பின வரலாறு யாரோ தூரதேசத்தார் கதை அல்ல. அதன் ஒரு பக்கம் காரைக்கால் கரையில் கிடக்கிறது. எடுத்து ஒட்ட வேண்டியது இங்கே இருப்பவர்கள்தான்.