1955 அமெரிக்க ஓபன்: ஹோகன் தோற்றாரா, ஃப்ளெக் ஜெயித்தாரா?

கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்கு டைகர் வுட்ஸைத் தாண்டி வேறு பெயர் நினைவுக்கு வராது. பணக்காரர்கள் சாவகாசமாக நடந்துகொண்டே ஆடும் ஆட்டம் என்று ஒரு எண்ணம் வேறு. ஆனால் அந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு போட்டி இருக்கிறது. கோல்ஃப் பிடிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. முடிவு வருவதற்கு முன்பே உலகம் முடிவை அறிவித்துவிட்ட கதை.

முதலில் கொஞ்சம் அடிப்படை. ஒரு சுற்றுக்கு 18 குழிகள். குறைந்த ஷாட்களில் முடிப்பவரே வெற்றியாளர். ஒவ்வொரு குழிக்கும் 'இத்தனை ஷாட்டில் முடிக்கலாம்' என்று ஒரு கணக்கு உண்டு, அது பார். அதைவிட ஒன்று குறைவாக முடித்தால் பேர்டி. அமெரிக்க ஓபன் என்பது இப்படி நான்கு சுற்றுகள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

யார் இந்த ஹோகன்?

பென் ஹோகன் டெக்சாஸ்காரர். 1949 பிப்ரவரி 2 அன்று மூடுபனியில் அவருடைய கார் மீது ஒரு பேருந்து நேருக்கு நேர் மோதியது. பக்கத்தில் இருந்த மனைவியைக் காப்பாற்ற அவர் மீது குறுக்கே பாய்ந்தார் ஹோகன். அந்தப் பாய்ச்சல்தான் அவரையும் காப்பாற்றியது என்பார்கள். இடுப்பெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன. பிறகு ரத்தக்கட்டி வேறு. நடப்பதே சந்தேகம் என்றிருந்த மனிதர் அடுத்த ஆண்டே, 1950-இல், அமெரிக்க ஓபனை வென்றார். 1948-இல் ஏற்கெனவே வென்றிருந்தார். 1951, 1953-இலும் வென்று மொத்தம் நான்கு ஆனது. ஐந்தாவது முறை வென்றவர் அன்று யாரும் இல்லை. இன்று வரையிலும் யாரும் இல்லை.

1953-இல் அவர் சொந்தமாக கோல்ஃப் மட்டை தயாரிக்கும் கம்பெனியும் தொடங்கினார். முதலில் தயாரான மட்டைகள் தரமாக இல்லை என்று, சுமார் 1 லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கை விற்காமல் கழித்துப் போட்டார். நாங்கள் படிக்கும் வணிகவியல் பாடத்தில் இதை நஷ்டம் என்று ஒரே வரியில் எழுதிவிடுவோம். ஹோகன் அதைத் தன் பெயருக்கான விலை என்று நினைத்திருக்க வேண்டும்.

யார் இந்த ஃப்ளெக்?

ஜாக் ஃப்ளெக்கை அப்போது யாருக்கும் தெரியாது. அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் நகராட்சிக்குச் சொந்தமான இரண்டு பொது கோல்ஃப் மைதானங்களைக் கவனித்துக்கொண்டு, ஆட வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். வயது 33. பெரிய போட்டி எதையும் அதுவரை வென்றதில்லை.

இவர் ஹோகனின் பரம ரசிகர். ஹோகன் கம்பெனி மட்டைகளைத்தான் கேட்டு வாங்கி ஆடினார். அந்த செட்டில் 'வெட்ஜ்' எனப்படும் இரண்டு மட்டைகள் மட்டும் பாக்கி இருந்தன. அந்த இரண்டையும் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தன் கையாலேயே எடுத்து வந்து கொடுத்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஹோகன்தான்! :)

நான்கு சுற்றுகள்

போட்டி நடந்த இடம் சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப், லேக் கோர்ஸ். பெயரில்தான் ஏரி, ஆடும் வழியில் ஒரு குட்டைகூடக் கிடையாது. ஆனால் பாதையின் இருபுறமும் நெருக்கமான மரங்கள், அந்த வருடம் போட்டிக்காகவே அடர்த்தியாக வளர்க்கப்பட்ட புல். பந்து அதற்குள் போனால் மீட்பதே பெரும்பாடு. ஒரு சுற்றுக்கு பார் 70.

முதல் சுற்றில் ஹோகன் 72, ஃப்ளெக் 76. இரண்டாவதில் ஹோகன் 73, ஃப்ளெக் 69. அப்போதெல்லாம் கடைசி இரண்டு சுற்றுகளையும் ஒரே நாளில் ஆட வேண்டும். ஜூன் 18, சனிக்கிழமை. காலையில் ஹோகன் 72, ஃப்ளெக் 75. மூன்று ஷாட் பின்தங்கிய ஃப்ளெக்கை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மாலையில் ஹோகன் 70 அடித்து முடித்தார். மொத்தம் 287. விபத்தில் நொறுங்கிய கால்களோடு 42 வயதில் ஒரே நாளில் 36 குழிகள் நடந்து முடித்த அந்த மனிதரைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. தொலைக்காட்சியில் வர்ணனை செய்த பழைய சாம்பியன் ஜீன் சரசன், ஹோகன்தான் வெற்றியாளர் என்று வாழ்த்தே சொல்லிவிட்டார். ஹோகன் தன் பந்தை அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்துக்கென்று கொடுத்தார். ஒளிபரப்பும் முடிந்தது.

ஆனால் ஆட்டம் முடியவில்லையே! மைதானத்தில் ஃப்ளெக் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். 14-ஆம் குழியில் ஒரு ஷாட் நழுவியது. இனி மீதி நான்கு குழிகளில் இரண்டு பேர்டி அடித்தால்தான் சமன். 15-இல் ஒரு பேர்டி. 16, 17 இரண்டிலும் பார். 18-இல் செவன் அயர்ன் மட்டையால் அடித்த பந்து குழிக்குச் சில அடி தூரத்தில் வந்து நின்றது. அதையும் உள்ளே தள்ளினார். அந்தச் சுற்று 67, மொத்தம் 287. உடைமாற்றும் அறையில் இருந்த ஹோகனுக்குக் கூட்டத்தின் சத்தம் கேட்டது. மறுநாளும் ஆட வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துபோனது. மூன்றாம் இடத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை 292. அதாவது மற்ற எல்லோரையும்விட இந்த இருவரும் ஐந்து ஷாட் முன்னால்.

மறுநாள்

ஞாயிற்றுக்கிழமை 18 குழிகள், இருவர் மட்டும். தன் குருவுக்கு எதிரில், குரு தயாரித்த மட்டையோடு நின்றால் யாருக்கும் கை நடுங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஃப்ளெக் 8, 9, 10 என்று தொடர்ந்து மூன்று பேர்டி அடித்தார். ஹோகன் விடவில்லை, துரத்தித் துரத்திக் கடைசிக் குழிக்கு வரும்போது வித்தியாசத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டார்.

18-ஆம் குழியின் முதல் ஷாட்டில் ஹோகனின் கால் வழுக்கியது. பந்து இடதுபுறம் அடர்ந்த புல்லுக்குள் போய்ப் புதைந்தது. அதை வெளியே கொண்டுவர மூன்று ஷாட்கள். கடைசியில் சுமார் 30 அடி தூரத்திலிருந்து உள்ளே தள்ளி 6-இல் முடித்தார். ஃப்ளெக் அமைதியாக 4. முடிவு 69-72. ஜெயித்தது ஃப்ளெக். தோற்றதும் ஹோகன் தன் தொப்பியைக் கழற்றி, ஃப்ளெக்கின் மட்டை சூடாகிவிட்டது என்பதுபோல விசிறினார். அந்தப் புகைப்படம் இன்றும் பிரபலம்.

அதிர்ஷ்டமா?

இந்தப் போட்டியைப் பற்றி எழுதும் பலரும் 'ஹோகன் தவறவிட்ட ஐந்தாவது' என்றே எழுதுகிறார்கள். ஃப்ளெக் ஏதோ வழியில் வந்து போனவர் மாதிரி. ஹோகனின் கால் வழுக்கியதை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன் 17 குழிகளின் முடிவில் ஃப்ளெக் முன்னால் இருந்ததற்கான காரணத்தைச் சொல்வதில்லை.

கணக்கைப் பார்ப்போம். பார் 70 உள்ள மைதானத்தில், முந்தைய நாள் 67, மறுநாள் 69. ஒரு நாள் என்றால் அதிர்ஷ்டம் எனலாம். அடுத்தடுத்து இரண்டு நாள், அதுவும் இரண்டாம் நாள் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் பக்கத்திலேயே நடந்து வரும்போது? ஃப்ளெக் அதன்பின் 1960-இல் ஃபீனிக்ஸ் ஓபனை வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓபனில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதில் ஹோகனைவிட ஒரு ஷாட் குறைவு! 1979-இல் மூத்தவர்களுக்கான பி.ஜி.ஏ. பட்டமும் அவருக்குத்தான். ஹோகன் அளவுக்குப் பெரியவர் இல்லைதான். அதற்காக அந்த இரண்டு நாட்களை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளலாமா?

ஹோகன் அதன்பின் பெரிய பட்டம் எதையும் வெல்லவில்லை. 1997-இல் காலமானார். ஃப்ளெக் 92 வயது வரை வாழ்ந்து 2014-இல் மறைந்தார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டு வெட்ஜ் மட்டைகள்தான். தரம் குறைந்த சரக்கைக் கழித்துப் போட்ட அதே ஹோகன், யாருக்கும் தெரியாத ஒரு நகராட்சி மைதானக்காரருக்கும் தன் மட்டையைச் சரியாகவே செய்து கொடுத்தார். அதுதான் அவரைத் தோற்கடித்தது. தயாரிப்பாளராக அவர் அன்று ஜெயித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்று. கடைசி வவுச்சர் வரும்வரை கணக்கை மூடக் கூடாது என்பார்கள். சரசன் மூடிவிட்டார், தொலைக்காட்சி மூடிவிட்டது. மைதானத்தில் ஒருவர் மட்டும் மூடவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே... ஹோகன் தோற்றாரா, ஃப்ளெக் ஜெயித்தாரா? என் ஓட்டு ஃப்ளெக்குக்கு.