முகாமின் கால், பட்டறையின் கால்

2010இல், வவுனியா மாவட்டத்தின் மெனிக் பாம் இடைத்தங்கல் முகாமுக்குள் இந்திய அரசின் செலவில் ஒரு செயற்கைக் கால் முகாம் நடந்தது. நடத்தியது ஜெய்ப்பூரின் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி. 1975இல் டி. ஆர். மேத்தா தொடங்கிய தொண்டு நிறுவனம் அது. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 1,400 பேருக்குக் கால் பொருத்திவிட்டுப் போனார்கள். ஏ9 வீதியின் வடக்கு அந்தத்தில், யாழ்ப்பாணத்தில், 1987இலிருந்து இன்னொரு நிறுவனம் இதே வேலையைச் செய்துவருகிறது. ‘ஃபிரெண்ட்-இன்-நீட்’ சங்கத்தின் கிளையாகத் தொடங்கி, பின்னர் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் என்று பெயர் மாறியது. சனம் அதைச் சுருக்கமாக ‘ஜெய்ப்பூர்’ என்கிறது. இரண்டும் ஒரே கண்டுபிடிப்பை நம்பித் தொடங்கியவை, இரண்டும் வன்னியில் கால் இழந்தவர்களுக்கு உதவியவை. ஆனால் ஒன்று ஆளைத் தேடி வந்து திரும்பிப் போனது. மற்றது பெரும்பாலும் இருந்த இடத்தில் இருந்துகொண்டு ஆளை வரச் சொன்னது.

அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது அது. பாதம் ரப்பரால் ஆனது. சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், குந்தலாம், சேற்றில் இறங்கலாம். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவனுக்கு, வற்றாப்பளைக் கோயில் வீதியில் வெறுங்காலோடு நிற்கிறவளுக்கு, மேல்நாட்டுச் சப்பாத்துக்குள் ஒளித்துவைக்கும் கால் உதவாது. இன்னொரு வசதியும் உண்டு. தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, எஞ்சிய காலின் பிளாஸ்டர் அச்சில் இழுத்து மூடினால், அந்தக் கால் உள்ளே பொருந்தும் கிண்ணம் தயார். காலையில் அளவு கொடுத்தவர் பொழுதுபடுவதற்குள் எழுந்து நடக்கலாம். இந்த வேகம் இல்லையென்றால் முகாம் என்ற முறையே சாத்தியமில்லை.

மெனிக் பாமுக்கு அந்த வேகம் தேவையாகத்தான் இருந்தது. 2009இல் இறுதிப் போரிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேலான மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கத்தில், பள்ளிக்கூடங்களை ஆஸ்பத்திரியாக்கி, மருந்தும் மயக்க ஊசியும் போதாத நிலையில் வெட்டப்பட்ட கால்கள் அவர்களில் பலருடையவை. அவர்களுக்கு பஸ் காசு தேவைப்படவில்லை, கடிதம் தேவைப்படவில்லை. அளவெடுப்பவர் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். அடைத்துவைத்த முள்வேலிதான் அவர்களைக் கண்டுபிடிப்பதையும் எளிதாக்கியது என்பது கசப்பானது, ஆனால் உண்மை. அதே 1,400 பேரை ஒரு பட்டறை தன் வாசலில் வரிசையாக எதிர்கொண்டிருந்தால், முடிக்க வருடங்கள் ஆகியிருக்கும். முகாம் முறையைக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகக்கூடாது.

சிக்கல் அதற்குப் பிறகு. வெட்டிய கால் முதல் ஒரு வருடத்துக்கு மெலிந்துகொண்டே போகும். இறுக்கமாகப் பொருந்திய கிண்ணம் தளர்ந்து, தோல் உரசிப் புண்ணாகும். சொக்ஸை இரண்டாக, மூன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு கால் மூலையில் சாத்தப்படும், ஊன்றுகோல் திரும்ப வரும். பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுக் கால் வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எலும்பு தோலை முட்டி வளர்ந்தால் திரும்பச் சத்திரசிகிச்சை. 2010இல் கால் போட்டவர்கள் மீள்குடியேற்றத்தோடு ஒட்டுசுட்டான், விசுவமடு, உடையார்கட்டு என்று சிதறிப் போனார்கள். 2012 செப்டெம்பரில் மெனிக் பாமே மூடப்பட்டது. தளர்ந்த கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

பட்டறையின் பதில் இங்கேதான். யாழ்ப்பாண நிலையத்துக்கு 1999இலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் துணை கிடைத்தது. அங்கே போனால் அளவு எடுப்பார்கள், நடக்கப் பழக்குவார்கள், ஆணி கழன்றால் பூட்டுவார்கள். கால் போட்டவர் பிழைக்க வழி தேடினால் சிறு கடனும் கிடைக்கும். கோழி வளர்க்கவோ சைக்கிள் திருத்தும் கடை போடவோ கடன் கொடுக்கிற இடத்தில் காலைப் பற்றிய விசாரிப்பும் தொடரும். என் கணிப்பில் அந்த நிலையத்தின் மிகப் பெரிய கெட்டித்தனம் இந்தக் கடன்தான். தவணை கட்ட வருகிற மனிதரின் நடையைத் தொழில்நுட்பவியலாளர் வாசலிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் வீதி பட்டறையின் கையில் இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது வன்னிக்கு யாழ்ப்பாண நிலையம் இல்லாமல் போனது. கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் செயற்கைக் கால்கள் செய்துவந்தது; இறுதி இடப்பெயர்வோடு அதுவும் போயிற்று. நிலையாக இருக்கும் நிறுவனம் என்று நாம் சொல்லும்போது, அந்த நிலை போரை வென்றதாக நினைத்துவிடக்கூடாது.

வராதவர்கள் பிரச்சினையும் உண்டு. முள்ளியவளையிலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண் அந்த நாளைக் காலுக்குக் கொடுக்கமாட்டாள், பிள்ளைக்குத்தான் கொடுப்பாள். கால் போன கதையை யாராவது விசாரித்துவிடுவார்களோ என்று அஞ்சி ஒதுங்கிய முன்னாள் போராளிகள் இருந்தார்கள். பெயர்ப் பதிவு என்ற சொல்லே அவர்களுக்கு வேறு நினைவுகளைத் தரும். இவர்களை முகாமும் கண்டுகொள்ளவில்லை, பட்டறை வெளியே அனுப்பிய நடமாடும் சேவையும் முழுதாய்த் தொடவில்லை. பிரித்தானியாவிலிருந்து வந்த மெத்தா நிறுவனம் மாங்குளத்தில் பட்டறை அமைத்தது இந்த இடைவெளிக்குள்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றுக்கும் நடுவே ஒரு சந்தி அது. இடத்தைத் தெரிவுசெய்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

ஆக, 2010இல் முகாம் சரி. போர் முடிந்து ஐந்து வருடம் கழித்தும் முகாமையே நடத்திக்கொண்டிருப்பது சரியல்ல. கொடுப்பவர்களுக்கு அது பிடிக்கிறது என்பது வேறு கதை. இத்தனை நாளில் இத்தனை கால் என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி போடலாம், வரிசையாக நிற்பவர்களைப் படம் எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நம் ஊர்ச் சங்கங்களுக்கும் இதே ஆசை உண்டு. இரண்டாம் தடவை எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கிற சங்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

இப்போது கால் போகும் காரணமும் மாறிவிட்டது. கண்ணிவெடிகள் அகற்றப்பட, அவற்றால் கால் இழப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். சலரோகத்தால் இழப்பவர்கள் ஒருவர் இருவராக வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை ஒரு கூடாரத்துக்குள் கூட்டிக் கால் போட முடியாது. ராகமையில் 2004இல் தொடங்கிய செயற்கை அவயவப் பாடசாலையில் வன்னிப் பிள்ளைகள் படித்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிகளிலேயே வேலைக்கு அமர வேண்டும். அடுத்த தடவை முகாமுக்கென்று காசு சேர்க்கிற சங்கம், அந்தக் காசில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பொறுப்பெடுக்கலாம்.