இணைப்பில்லா என்ஜின்

பந்தயக் கார் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்போர், சிலிண்டருக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே எந்த ஹெட் காஸ்கெட்டை வைப்பது எனத் தயங்குவதை நாம் காண்கிறோம். அழுத்தம் கசியும் இடம் அதுவன்றோ?

இங்கிலாந்தில் டபிள்யூ. ஓ. பென்ட்லி, 1919-இல் உருவாக்கிய என்ஜினில் அவ்விணைப்பையே ஒழித்து, இரண்டையும் ஒரே வார்ப்பாக்கினார். 1924-லும், 1927 முதல் 1930 வரையிலும் லெ மான் பந்தயத்தில் பென்ட்லி கார்களே வென்றன. ஆயினும், வால்வுகளைச் சீர்செய்யச் சிலிண்டர்த் தொகுதி முழுவதையுமே கழற்ற நேர்ந்தது.

பிற கார்களில் செம்பும் கல்நாரும் சேர்ந்த காஸ்கெட் நெடுங்காலம் வழங்கிற்று. கல்நார்த் தூள் நுரையீரலைக் கெடுப்பதால் அது கைவிடப்பட்டது. இன்றைய பல அடுக்கு எஃகுக் காஸ்கெட் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் இருபுறப் பரப்பும் வழுவழுப்பாக இழைக்கப்படாவிடில் கசியும். ஆதலின், காஸ்கெட்டைத் தேர்வதற்கு முன் பரப்பைச் சோதிப்பதே முறை என்போம்.