நாலு கட்டு வீட்டின் வாசல்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் 11 அத்தியாயங்கள் ஒரே நாளில் காணாமற் போயின. என் கம்ப்யூட்டரில் அப்போது இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று வீட்டாருக்கு, மற்றொன்று, நான் தொந்தரவின்றி எழுதுவதற்காக என் அக்காள் மகன் போட்டுக் கொடுத்தது. இயந்திரத்தைத் திறந்ததும் இரண்டின் பெயரும் திரையில் தோன்றும்; வேண்டியதைத் தேர்ந்துகொள்வேன். ஒரு சமயம் இயந்திரம் மந்தமாகிவிடவே, பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து முதலாவதைப் புதிதாக ஏற்றிவிட்டுப் போனார். மறுநாள் திறந்தால் கேள்வியும் இல்லை, தேர்வும் இல்லை. நேரே வீட்டாருடைய திரைதான் வந்து நின்றது. என் நாவல் எங்கே?

அக்காள் மகன் வந்து பார்த்துச் சிரித்தான். "மாமா, நாவல் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதற்குப் போகிற வாசலைத்தான் அடைத்துவிட்டார்கள்" என்றான். அரை மணி நேரத்தில் வாசலைத் திறந்தும் கொடுத்தான். அத்தியாயங்கள் பத்திரமாக இருந்தன. அன்று முதல் அந்த வாசலின் சரித்திரம் எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

ஐ.பி.எம். கம்பெனி தன் பெர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்டு 12-ல் அறிவித்தபோது வாசல் என்ற பிரச்னையே இல்லை. அதற்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. இயங்குதளம் ஃப்ளாப்பித் தட்டில் இருந்தது. எந்தத் தட்டைச் செருகுகிறோமோ அதுவே அன்றைய ராஜா. பிசி டாஸ் 40 டாலர். அதற்குப் போட்டியான சிபி/எம்-86, மறு வருஷம் கைக்கு வந்தபோது, 240 டாலர். ஜனங்கள் எதை வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தேர்வு மனிதனின் கையில், நிஜமாகவே கையில், இருந்தது.

1983 மார்ச்சில் வந்த எக்ஸ்டி இயந்திரத்தில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. இனிமேல் தட்டைச் செருகுவார் யாரும் இல்லை. அப்படியானால் எதைத் தொடங்குவது என்று யார் சொல்வது? அதற்காக டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை ஒதுக்கினார்கள். இங்கிலீஷ் எழுத்துக் கணக்கில் 512 எழுத்து. ஒரு தபால் கார்டில் அடக்கிவிடலாம். அதில் 446 பைட்டில் ஒரு குட்டி நிரல். 64 பைட்டில் நான்கு வரிகள் கொண்ட ஓர் அட்டவணை. கடைசி 2 பைட் முத்திரை. டிஸ்கை நான்கு பகுதிகள் வரை பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளத்தைக் குடிவைக்கலாம் என்பது ஏற்பாடு. நம் ஊர் நாலு கட்டு வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கட்டு நான்கு, வாசல் மட்டும் ஒன்று. மின்சாரம் வந்ததும் இயந்திரம் அந்த 512 பைட்டைப் படித்து, யார் என்ன என்று விசாரிக்காமல் அதிகாரத்தை ஒப்படைத்துவிடும். கடைசியாக அங்கே எழுதியவர் யாரோ அவரே வீட்டு எஜமானர்.

1991-ல் ஹெல்ஸிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோதுதான் இந்த வாசலுக்கு மவுசு வந்தது. பரீட்சித்துப் பார்க்க விரும்பியவர்கள் பழைய டாஸைத் துறக்கத் தயாராயில்லை. அவர்களுக்காக வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் 1992-ல் லிலோ என்னும் வாயில்காப்போனை எழுதினார். அது தன் பெயரின் நான்கு எழுத்துக்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். எந்த எழுத்தில் நின்றுவிட்டதோ அதைக் கொண்டே கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். 1995-ல் எரிக் போலின் க்ரப் என்பதைத் தொடங்கினார். என் வீட்டு வாசலில் நிற்பது அதுதான்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் 'பி' என்ற அமெரிக்கக் கம்பெனியின் கதையைக் கேட்க வேண்டும். ஆப்பிளிலிருந்து விலகிய ஜான்-லூயி காஸே நிறுவியது அது. அதன் பிஓஎஸ் இயங்குதளத்தை விண்டோஸுக்குப் பக்கத்தில் வைத்து விற்றால் காசே வேண்டாம் என்று அவர் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களிடம் சொல்லிப் பார்த்தார். ஜப்பானில் ஹிட்டாச்சி ஒப்புக்கொண்டது. பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. ஆனால் திறந்தவுடன் தெரிந்தது விண்டோஸ் மட்டுந்தான்! பிஓஎஸ் உள்ளே முழுசாக இருந்தது. அதற்கு வாசல் வைக்கப்படவில்லை. தயாரிப்பாளர்களுடன் மைக்ரோசாப்ட் செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களே காரணம் என்று 'பி' 2002 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. 2003 செப்டம்பரில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், மைக்ரோசாப்ட் 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பணம் வந்து என்ன? 'பி'யின் சொத்துக்கள் 2001-லேயே 1 கோடியே 10 லட்சம் டாலருக்குப் பாம் கம்பெனிக்குக் கைமாறிவிட்டன.

ஒரு பொருளை அழிக்க அதைத் தொடவே வேண்டியதில்லை. அதன் பெயரை வாசலில் எழுதாமல் விட்டால் போதும்.

இப்போது அந்த 512 பைட்டின் ஆட்சி ஓய்ந்துவிட்டது. புதிய யூஇஎஃப்ஐ முறையில் காவலாளிகள் பலர் அருகருகே இருக்கலாம். ஒருவரை அழித்துத்தான் மற்றவர் அமர வேண்டும் என்பதில்லை. ஆனால் 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது வாசலுக்குப் பூட்டும் வந்தது. செக்யூர் பூட் என்று பெயர். அங்கீகரித்த கையெழுத்து இல்லாத நிரல் உள்ளே வர முடியாது. திருடனும் வாசல் வழியாகத்தான் வருகிறான். ஆகையால் பூட்டைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரணக் கம்ப்யூட்டர்களில் சொந்தக்காரர் அதை நீக்கிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். ஆனால் பூட்டு இருக்கும்போதே நுழைய விரும்பிய லினக்ஸ்காரர்கள், தங்கள் சிறு நிரல் ஒன்றுக்கு மைக்ரோசாப்டிடமே கையெழுத்து வாங்கினார்கள். சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்ற கேள்வி பழைய கேள்விதான்.

என் கம்ப்யூட்டரில் இன்றும் இரண்டு பெயர்கள் தோன்றி, பத்து விநாடி காத்திருக்கின்றன. அது வீண் தாமதம், குறைத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். நான் சம்மதிக்கவில்லை. இயந்திரம் என்னைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது அந்தப் பத்து விநாடியில்தான்.