அங்கவடி இல்லாத மன்றோவும் நாற்காலி உட்கார்ந்த நானும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அஞ்சாம் கிளாஸ் லீவுல சித்தப்பா என்னை மெட்ராஸ் சுத்திக் காட்ட கூட்டிட்டுப் போனார். தீவுத்திடல் பக்கம் பஸ் போறப்ப, குதிரை மேல உக்காந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சிலையைக் காட்டி, "பாரு கண்ணு, குதிரைக்குச் சேணமும் இல்ல, கால் வைக்கற அங்கவடியும் இல்ல. செஞ்சவன் மறந்துட்டான். திறப்பு விழா அன்னிக்கு ஒரு சின்னப் பையன் கண்டுபிடிச்சுச் சொன்னானாம், சிற்பி அவமானத்துல தூக்கு மாட்டிக்கிட்டான்"னார். ரொம்ப வருஷம் நானும் இதை நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன். உங்கள்ல பாதிப் பேர் கேட்ட கதையாத்தான் இருக்கும்.

கதை சுத்தப் பொய். சிலை சர் தாமஸ் மன்றோவோடது. செஞ்சவர் பிரான்சிஸ் சாண்ட்ரி, அந்தக் காலத்து லண்டன்ல பெரிய கை. சிலை சென்னையில நின்னது 1839ல. சாண்ட்ரி செத்தது 1841ல, தூக்குல இல்லை, இதய நோயில. அதைவிட முக்கியம், லண்டன் டிரபால்கர் சதுக்கத்துல இருக்கற நாலாம் ஜார்ஜ் சிலையும் இவர் கைவேலைதான். அதுலயும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. அதே ஊர்ல ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னாடி இருக்கற வெல்லிங்டன் சிலையிலயும் கிடையாது. மறதின்னா மூணு தடவையுமா மறப்பாரு மனுஷன்?

இந்தச் சிலை எனக்குத் திடீர்னு ஞாபகம் வந்ததுக்குக் காரணம் என் இடுப்பு. ஆமாங்க, இடுப்புதான்.

நாலு மாசம் முன்னாடி சேலத்துக்குப் பக்கத்துல ஒரு இடத்துல குதிரையேற்றம் கத்துக்கச் சேர்ந்தேன். எங்க ஊர் ராசிபுரம் பக்கம். சின்னதுல ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் குதிரைங்களை வாய் பிளந்து பார்த்தவன், அந்த ஆசை உள்ளுக்குள்ளயே கிடந்தது. வாரம் அஞ்சு நாள் ஆணி புடுங்கிட்டு ஞாயித்துக்கிழமை காலைல குதிரை. நடக்கற வரைக்கும் ராஜா மாதிரி இருந்தேன். துள்ளல் நடை ஆரம்பிச்சதும் மூட்டை மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. முட்டி மேல ஏறிக்கும், பாதம் முன்னாடி போயிடும், உடம்பு பின்னாடி சாயும். பிடிமானத்துக்கு முட்டியால குதிரையை இறுக்கிப் பிடிப்பேன், அது இன்னும் வேகமா ஓடும். சொல்லிக்குடுக்கற அண்ணன் ரெண்டு மாசம் பொறுமையாப் பார்த்துட்டு ஒருநாள் கேட்டார்: "ஏனுங் தம்பி, குதிரை மேல உக்காந்திருக்கீங்களா, ஆபீஸ் சேர்ல உக்காந்திருக்கீங்களா?"

சிரிச்சுட்டேன், ஆனா சுருக்குனு இருந்தது. அதுக்கு அடுத்த வாரம் குதிரையோட முதுகைத் தடவிக் காட்டினார். நான் உக்கார்ற இடத்துக்குப் பின்னாடி விரலை வச்சதும் அது முதுகை உள்ள இழுத்துக்குச்சு. என் எடை மொத்தமும் சேணத்தோட பின்பக்கம் விழுந்து அதுக்கு வலிக்குதாம். இன்னும் ஒரு மாசத்துல சரியாகலைன்னா விட்டுடலாம்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன். என் ஷோக்குக்கு ஒரு வாயில்லா ஜீவன் ஏன் வலி தாங்கணும்?

வழக்கம் போல, வராத வித்தைக்குப் புஸ்தகத்துல வழி தேடினேன். ஜெனபோன்னு ஒரு கிரேக்கர், சாக்ரட்டீஸோட சீடர், படைத்தளபதி. கி.மு. 4ஆம் நூற்றாண்டுல குதிரையேற்றத்துக்குன்னே ஒரு நூல் எழுதியிருக்கார். அதுல அவர் சொல்றதோட சாரம் இது: நாற்காலியில உக்கார்ற மாதிரி குதிரை மேல உக்காராதே, காலை அகட்டி நிமிர்ந்து நிக்கிற மாதிரி இரு, முட்டிக்குக் கீழே காலைத் தளர்த்தித் தொங்க விடு. இருபத்துமூணு நூற்றாண்டுக்கு முன்னாடி எழுதினதும் சேலத்து அண்ணன் சொன்னதும் ஒண்ணு! நாற்காலி உதாரணம் உட்பட. (அண்ணன் ஜெனபோன் படிச்சிருக்க வாய்ப்பில்லை, கேட்டும் பார்த்தேன் :-))

இதுல விசேஷம் என்னன்னா, ஜெனபோன் காலத்துல அங்கவடியே கிடையாது. கிரேக்கர், ரோமர் எல்லாருமே காலைத் தொங்கப் போட்டுத்தான் சண்டை போட்டாங்க. ரோம்ல இருக்கற மார்க்கஸ் அரேலியஸ் குதிரைச் சிலையைப் பாருங்க, கால் சும்மா தொங்கும். சாண்ட்ரி அந்தப் பழைய ரோமானிய பாணியைத்தான் பிடிச்சிருக்கார். சித்தப்பா கதைக்கு இதுதான் பதில்.

அங்கவடியோட ஆதி வடிவம் நம்ம நாட்டுலயே இருக்குங்கறது எனக்குப் புது சமாச்சாரம். சாஞ்சி ஸ்தூபிச் சிற்பங்கள்ல கால் கட்டைவிரலை மட்டும் நுழைக்கிற கயிறு வளையம் தெரியுது. கி.மு. காலம். வெறுங்காலோட குதிரை ஏறுற வெயில் நாட்டுக்குப் பொருத்தமான யோசனை, குளிர் நாட்டுல பூட்ஸ் போட்டவனுக்கு ஆகாது. முழுப் பாதத்தையும் தாங்கற அங்கவடி சீனாவுல 4ஆம் நூற்றாண்டுல வருது. சாங்ஷா ஊர்ல கிடைச்ச கி.பி. 302ஆம் வருஷத்து மண்பொம்மையில ஒரு பக்கம் மட்டும் சின்னதா தொங்குது, ஏறுறதுக்கு மட்டும் போல. அடுத்த இருபது வருஷத்துல ரெண்டு பக்கமும் வந்துடுச்சு. அவார்கள்னு ஒரு கூட்டம் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனாங்க. லின் வைட்னு ஒரு பேராசிரியர் 1962ல எழுதின புஸ்தகத்துல ஐரோப்பாவோட பிரபுத்துவ அமைப்பே அங்கவடியாலதான் வந்ததுன்னு ஒரே போடா போட்டார். பின்னால வந்தவங்க அதைக் கிழிச்சுத் தொங்க விட்டாங்க. எனக்கும் அது ஓவராத்தான் படுது.

என் கதைக்கு வேண்டியது வேற. அங்கவடி வந்தப்புறம், உக்கார்ற விதம் ரெண்டாப் பிரியுது. மத்திய ஆசியாக்காரங்க குட்டையா மாட்டி முட்டியை மடக்கி, எழுந்து நின்னு வில் விட்டாங்க. கவசம் போட்ட ஐரோப்பிய வீரன் நீளமா மாட்டிக் காலை நீட்டினான். ஸ்பெயின்ல ரெண்டு பாணியும் இருந்துச்சு, ரெண்டுக்கும் தனித்தனிப் பேரே உண்டு. பிறகு இத்தாலிய அதிகாரி பெடெரிகோ காப்ரில்லி (1868 - 1907) தாண்டுறதுக்குக் குட்டை அங்கவடியும் முன்சாய்வும்தான் சரின்னு காட்டினார். எந்தப் பாணியா இருந்தாலும் ஒண்ணு மாறலை: பாதம் உடம்போட எடைக்கு நேர் கீழே இருக்கணும். குதிரையை உருவிட்டா ஆள் தரையில நிக்கணும், பின்னாடி மல்லாக்க விழக்கூடாது.

நான் விழுவேன். ஏன்னா, கீழ்முதுகுத் தண்டுல ஆரம்பிச்சு இடுப்புக்குள்ள புகுந்து தொடை எலும்பு உள்பக்கத்துல முடியற சோவாஸ்னு ஒரு தசை. தொடையை மேல தூக்கறது அதோட வேலை. தினம் பத்து மணி நேரம் நாற்காலியில உக்கார்ற எனக்கு அந்த இடமே இறுகிப் போச்சு. தொடை கீழே இறங்க மாட்டேங்குது, அதனால முட்டி மேல வருது, பாதம் முன்னாடி போகுது. நான் தப்புன்னு நினைச்சது பாதத்தை. தப்பு இடுப்புல. பக் ஒரு ஃபைல்ல, எர்ரர் காட்டறது வேற ஃபைல்ல, அவ்வளவுதான்.

அண்ணன் செஞ்ச வைத்தியம் மன்றோ வைத்தியம். அங்கவடியைக் கழட்டிட்டார். நீளக் கயித்துல குதிரையைத் தன் கையில பிடிச்சு வட்டமா நடக்க விட்டு, என்னைக் காலைத் தொங்கப் போட்டு உக்காரச் சொன்னார். அப்புறம் ரெண்டு தொடையையும் சேணத்துல இருந்து ரெண்டு விரக்கடை வெளியே தூக்கி, பின்பக்கமா நகர்த்தி, முட்டி நேரா முன்னாடி பார்க்கிற மாதிரி மெதுவா இறக்கணும். கேக்க சுளுவு. முதல் நாள் தொடையில குறக்களி பிடிச்சு அம்மாஆன்னு கத்தினேன், குதிரை திரும்பிப் பார்த்துச்சு. குதிகாலைப் பலவந்தமா அமுக்கவும் கூடாதாம், அமுக்கினா முட்டி பூட்டிக்கிட்டு பாதம் மறுபடி முன்னாடி ஓடும். இடுப்பு விட்டுக்குடுத்தா குதிகால் தானா இறங்கும். கடைசியா, தொங்கற காலோட கணுக்கால் எலும்புல அங்கவடிக் கம்பி தட்டற அளவுக்கு வாரை நீளமாக்கினார். நான் அதுவரைக்கும் மூணு ஓட்டை குட்டையா மாட்டியிருந்திருக்கேன். வீட்டுல தினம் ஒரு முட்டியைத் தரையில ஊனி, இடுப்பை முன்னாடி தள்ளி அந்தத் தசையை இழுக்கறேன். பாட்டி, "யாருக்குடா தோப்புக்கரணம்"ங்குது.

மன்றோவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். 1780ல சாதாரண சிப்பாய்க் கேடட்டா வந்து ஹைதரோட குதிரைப்படைகிட்ட கம்பெனி அடி வாங்கினதைப் பார்த்தவர். 1792 உடன்படிக்கையில திப்பு சேலத்தையும் பாராமகாலையும் விட்டுக்குடுத்தப்ப, அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியா இங்க வந்தார். 1799 வரைக்கும் ஏழு வருஷம் தர்மபுரிப் பக்கம் கூடாரம் அடிச்சு, ஊர் ஊராப் போய் நிலம் அளந்து வரி போட்டார். ரயத்துவாரி முறை முளைச்சது நம்ம மண்ணுலதான். அந்த வரி நம்ம பூட்டன்களை எவ்வளவு கசக்குச்சுங்கறது தனிப் பதிவு, அவரை நல்ல துரைன்னு மட்டும் கொண்டாடற ஆள் நானில்லை. ஆனா நாற்காலியில உக்காந்து செஞ்ச வேலை இல்லை அது, அந்த மட்டுக்கும் அவர் இடுப்பு என் இடுப்பைவிட நல்லாத்தான் இருந்திருக்கும்.

போன மாசம் ஆபீஸ் வேலையா சென்னை போனப்ப சிலைகிட்ட இறங்கி நின்னு பார்த்தேன். மூஞ்சியை விட்டுட்டுக் காலை மட்டும். தளர்வாத் தொங்குது. நாற்காலி இல்லை.

எனக்கு இப்ப வலது பக்கம் இறங்கிடுச்சு, இடது இடுப்பு இன்னும் அடம் பிடிக்குது. குதிரை முதுகுல விரல் வச்சா இப்போ சுருக்கறதில்லை, அதனால தொடர்றேன். வர்ற ஞாயிறு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய் முன்மண்டபத் தூண்ல இருக்கற குதிரைவீரர்களோட முட்டியும் பாதமும் எங்கே இருக்குன்னு பார்க்கப் போறேன். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துப் பக்கம் இருக்கறவங்க யாராவது அங்கே பாய்ற குதிரைங்க மேல இருக்கறவங்க காலை மட்டும் குளோசப்ல படம் எடுத்து அனுப்புங்க. மூஞ்சி வேண்டாம், கால் போதும்.