பலகையும் பதாகையும்: ஹோர்டிங், பேனர் பொருள் வேறுபாடும் வடசென்னையும்

ஹோர்டிங் என்பது நிலத்திலோ கட்டடத்தின் மேலோ நிலையாக ஊன்றப்பட்ட விளம்பரச் சட்டகம். அதில் ஏறும் விளம்பரம் மாறிக்கொண்டே இருக்கும், சட்டகம் நிற்கும். பேனர் ஒரு நிகழ்ச்சிக்காகக் கட்டப்படுவது. நிகழ்ச்சி முடிந்ததும் அவிழ்க்கப்பட வேண்டியது. வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை இரண்டையும் பொதுவாக ‘பேனர்’ என்றே சொல்கிறார்கள். பேச்சில் இதனால் குறை ஒன்றுமில்லை. உரிமமும் பொறுப்பும் பற்றிய கேள்வி எழும்போதுதான் வேறுபாடு முக்கியமாகிறது.

ஆங்கிலத்தில் ஹோர்டிங் என்பது முதலில் கட்டுமான இடத்தைச் சுற்றி அடிக்கும் மரத்தடுப்பு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நகரங்களில் அந்தத் தடுப்புகளின் மேல் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. தடுப்பின் பெயர் விளம்பரப் பலகைக்கு நின்றுவிட்டது. அமெரிக்கர் இதையே பில்போர்டு என்பர். பேனரின் மரபு வேறு. அது கொடியின் வழி வந்தது. துறைமுகத்தில் கொடி எதையெல்லாம் அறிவிக்கும் என்பதற்குப் சங்க நூலான பட்டினப்பாலையே சான்று: புகார்த் துறைமுகத்தில் கப்பலுக்கு ஒரு கொடி, கள் விற்கும் கடைக்கு ஒரு கொடி. வடசென்னையில் இந்த மரபு தொழிற்சங்கத்தின் வழியாகவும் வளர்ந்தது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1923 மே 1 அன்று தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றினார். ஆலை வாசலில் கட்டும் துணிப் பேனர் எதையும் விற்பதில்லை. யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைச் சொல்கிறது. அரசியல் பேனரும் கல்யாணப் பேனரும் செய்வது ஏறத்தாழ இதுதான். ஹோர்டிங்குக்கு அப்படிப் பக்கம் கிடையாது. அது வாடகைக்கு விடும் இடம். இந்த மாதம் நகைக்கடை, அடுத்த மாதம் சிமெண்டு.

கையால் வரைந்த காலத்தில் இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள வழியில்லை. துணிப் பேனரை ஓவியர் தூரிகையால் எழுதுவார். சினிமா ஹோர்டிங்குக்குச் சட்டமடித்து, பல துண்டுகளாக வரைந்து பொருத்துவார்கள். இரண்டுக்கும் நடுவே கட்அவுட் வந்தது. அளவில் ஹோர்டிங்கை மிஞ்சும், ஆயுளில் பேனரைப் போன்றது. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் டிஜிட்டல் அச்சும் ஃப்ளெக்ஸ் தாளும் பரவியபோது இந்தத் தெளிவு குலைந்தது. இரும்பு ஆங்கிளில் இழுத்துக் கட்டினாலும் சவுக்குக் கம்பில் கட்டினாலும் தாள் ஒன்றே. துணியா பலகையா என்று பொருளைப் பார்த்துப் பிரிக்க இனி முடியாது. எதில் கட்டியிருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

சட்டம் முதலில் கவனித்தது ஹோர்டிங்கை. திறந்தவெளி அழகுக்கேட்டைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவானது. 1998 திருத்தமோ 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் ஹோர்டிங்குக்கென்றே தனிப் பகுதியைச் சேர்த்தது. அதன் வரையறை விளம்பரம் காட்டும் பலகைத் திரையோடு நிற்கவில்லை. அதைத் தாங்கும் சட்டகத்தையும் பிற தாங்கிகளையும் ஹோர்டிங் என்பதற்குள் அடக்கியது. நுட்பமான முடிவு இது. படத்தைக் கழற்றிவிட்ட வெறும் இரும்புச் சட்டகமும் உரிமம் இல்லாவிட்டால் குற்றம் ஆனது. கல்வி நிலையம், வழிபாட்டிடம், மருத்துவமனை ஆகியவற்றின் முன்பும் சாலைச் சந்திப்பின் அருகிலும் ஹோர்டிங் கூடாது என்றும் வகுக்கப்பட்டது. 2003இல் உரிம விதிகள் வந்தன. விளம்பர நிறுவனங்கள் தொடுத்த நோவா ஆட்ஸ் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டது.

உரிமம் தரும் அதிகாரம் அப்போது மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இதற்கொரு விந்தையான விளைவு இருந்தது. ராயபுரம் சென்னை மாநகராட்சியில் இருந்தது. திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் தனி நகராட்சிகள். 2011இல் இரண்டும் மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆயினும் 2018 வரை திருவொற்றியூர் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தது. ஒரே சாலை, ஒரே மாநகராட்சி, இரண்டு மாவட்டங்கள்; எனவே உரிமம் தர இரண்டு ஆட்சியர்கள்.

பேனருக்கெனத் தனி விதிகள் 2011இல்தான் வந்தன. ‘டிஜிட்டல் பேனர்’ என்ற சொல்லே அவற்றின் தலைப்பில் இடம்பெற்றது. ஹோர்டிங்குக்குத் தேவை உரிமம்; பேனருக்குத் தேவை குறிப்பிட்ட நாட்களுக்கான அனுமதி. நடைமுறையில் அனுமதி பெற்றவர் சிலர், கட்டியவர் பலர். இதற்கு எதிராகச் சமூக ஆர்வலர் ‘டிராஃபிக்’ ராமசாமி தொடர்ந்து வழக்குத் தொடுத்தார். 2017 அக்டோபரில் உயிரோடிருப்பவரின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆணையிட்டார். 2018 டிசம்பரில் டிஜிட்டல் பேனர்களுக்கே இடைக்காலத் தடை வந்தது. அதன் பிறகும், 2019 செப்டம்பர் 12 அன்று, பள்ளிக்கரணையில் திருமணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயது மென்பொறியாளர் மீது விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்தார்.

ஹோர்டிங் கொல்லும் விதம் வேறு. கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் 2023 ஜூன் 1 அன்று ராட்சதப் பலகைச் சட்டகம் சரிந்தபோது இறந்த மூவரும் அதில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள். மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று புயற்காற்றில் விழுந்த ஹோர்டிங் 120 அடிக்கு 120 அடி. 17 பேர் இறந்தனர். எண்ணூர்க் கடற்கரைச் சாலை போலக் காற்று தடையின்றி வீசும் இடங்களில் அடித்தளமும் இரும்பின் தடிமனுமே முதல் கேள்வி. கருமத்தம்பட்டியில் விழுந்ததையும் ‘பேனர் விழுந்தது’ என்று எழுதினால், கட்டியவர் யார் என்று மட்டும் தேடுவோம். அந்தச் சட்டகத்துக்கு உரிமம் இருந்ததா, அதன் உறுதிக்குக் கையெழுத்திட்ட பொறியாளர் யார் என்ற கேள்விகள் எழாமலே போகும். செய்தி எழுதுவோராவது இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும்.