மாத்தளையில் காடும் மக்களும்: நிலைபேறான அபிவிருத்தி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

'நிலைபேறான அபிவிருத்தி' என்னும் தொடர் நம்மிடையே வழக்குப் பெற்றது அண்மைக் காலத்திலேயாகும். புறூண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையிலமைந்த ஆணைக்குழு 1987 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையால் அத்தொடர் உலகறியப்பெற்றது. 2015 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டபின் அஃது அரசாங்கங்களின் சொல்லாயிற்று. இலங்கைப் பாராளுமன்றமும் 2017 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தினால் இதற்கெனத் தனிச் சபையொன்றை அமைத்தது. சமூகங்களும் நிறுவனங்களும் ஒருங்கிணைந்தாலன்றி இவ்விலக்குகள் கைகூடா என்பது இது தொடர்பான அறிக்கைகள் யாவும் ஒருமுகமாக வற்புறுத்தும் கருத்து. ஆயின் ஒரு குறித்த நிலப்பரப்பில் சமூகமும் நிறுவனமும் கடந்த இரு நூற்றாண்டுகளாக எவ்வாறு எதிர்ப்பட்டன, யார் யாரைக் கலந்தாலோசித்தனர், யார் கேட்கப்படாமலே விடப்பட்டனர் என்பனவற்றை அவ்வறிக்கைகள் பெரிதும் ஆராய்வதில்லை. மாத்தளை மாவட்டத்தின் காடுகளை முன்வைத்து அதனை ஈண்டு ஓரளவு நோக்குவோம்.

மாத்தளை மாவட்டம் மத்திய மாகாணத்தின் வடபால் அமைந்தது. தம்புள்ளை, கலேவலை ஆகிய வடபகுதிகள் உலர்வலயத்தின் இயல்பின. உக்குவளை, இரத்தோட்டை முதலியன தேயிலையும் கொக்கோவும் வாசனைத் திரவியங்களும் செழிக்கும் மத்திய மலைச்சாரல்கள். கிழக்கே நக்கிள்ஸ் எனவும் தும்பறை எனவும் வழங்கும் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உயர்ந்த சிகரமாகிய கொம்பனியா 1,906 மீற்றர் உயரமானது. இம்மலைத்தொடரிற் பிறக்கும் ஓடைகள் களு கங்கையாகவும் பிறவாகவும் திரண்டு அம்பன் கங்கையிற் சேர்கின்றன. மாத்தளை நகரையொட்டி ஓடும் சுது கங்கையும் அதனோடு கலப்பதே. அம்பன் கங்கையை எலகரையிலே மறித்து வாய்க்கால் வெட்டிய பண்டை மன்னர் அந்நீரை மின்னேரியாவுக்குக் கொண்டுசென்றனர். எனவே தும்பறைக் காடு அழியின் அதன் கேடு அங்குள்ளாரை மட்டுமன்றித் தொலைவிலுள்ள வயலுழவரையும் சாரும்.

கண்டி அரசின் காலத்தில் மக்களுக்கும் காட்டுக்குமிடையே நிலவிய உறவு எழுத்துச் சட்டத்தால் அன்றி வழக்காற்றால் அமைந்தது. அரசனே நிலத்துக்கெல்லாம் தலைவன் எனப்பட்டான். நாட்டின் காவலுக்கெனச் சில காடுகள் 'தஹனம் கெலே', அஃதாவது விலக்கப்பட்ட காடு, என ஒதுக்கப்பட்டிருந்தன. ஏனைய காடுகளிலே ஊரவர் சேனை வெட்டினர். சில ஆண்டு பயிரிட்டு, பின் நிலத்தைத் தரிசாக விட்டு, அது மீண்டும் காடாகியபின் திரும்பி வந்தனர். விறகும் மருந்தும் தேனும் அங்கேயே பெற்றனர். இவ்வொழுங்கு குறையற்ற பொற்காலம் என நாம் கொள்ள வேண்டியதில்லை. குடித்தொகை பெருகியிருப்பின் சேனைச் செய்கையே காட்டை அழித்திருக்கவுங்கூடும். ஆனால் காட்டைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதில் ஊரவர்க்கு ஐயம் இருந்ததில்லை.

அவ்வுரிமையை ஐயத்துக்குள்ளாக்கியது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, ஆட்சிப்படாத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மறுதலையாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவே எனக் கொள்ளப்படும் என அச்சட்டம் விதித்தது. பல ஆண்டு இடையிட்டுப் பயிரிடப்படும் சேனை நிலங்களும் கண்டி மாகாணங்களில் அவ்வாறே கருதப்பட்டன. நிறுவும் பொறுப்பு குடியானவனுடையதாயிற்று. பாட்டன் காலந்தொட்டுச் சேனை வெட்டியவனிடம் அதற்குரிய பத்திரம் எங்ஙனம் இருக்கும்? இவ்வாறு முடிக்குரியதாகிய நிலம் தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங் என்ற விலைக்குக் கோப்பிப் பயிரிடுவோருக்கு விற்கப்பட்டது. வாங்கியோர் யார் என்று பார்த்தால் வியப்பு மேலும் கூடும். அம்பகமுவைப் பகுதியிலே தேசாதிபதி ஸ்ருவாட் மக்கென்சி தொடக்கம் உயர் அலுவலர் பலர் தாமே காணி பெற்றனர். மகாவம்சத்தை ஆங்கிலத்திலே பெயர்த்துப் புகழ்பெற்ற ஜோர்ஜ் டேணரும் அவர்களுள் ஒருவர். சட்டம் செய்தோரும் அதனை நடத்தியோரும் அதனாற் பயன்பெற்றோரும் ஒருவரேயாயினர். நிறுவனம் என நாம் இன்று வழங்கும் சொல்லின் வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை மறத்தலாகாது.

1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் காரணங்கள் குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. டொரிங்டன் பிரபு விதித்த புதிய வரிகளே உடனடிக் காரணம் என்பர். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. இவற்றோடு ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் அல்லது அதற்கீடாக 3 சிலிங் இறுத்தல் என்னும் கட்டளை. நில இழப்பினால் மனத்தில் ஊறிய கசப்பும் இவற்றோடு சேர்ந்திருக்கும் என்பது எமது கருத்து. அவ்வாண்டு யூலைத் திங்களில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பெற்றான். அவனைப் பின்பற்றியோர் மாத்தளைக்குட் புகுந்து கச்சேரியைத் தாக்கினர். ஆவணங்கள் இருக்குமிடமாகிய கச்சேரி இலக்காயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. புரன் அப்பு ஓகஸ்ட் 8 ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டான். பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. டொரிங்டன் 1850 இல் திருப்பி அழைக்கப்பட்டார். எனினும் நிலம் திரும்பவில்லை.

அக்காலத்திலேயே மாத்தளைக்கு இன்னொரு மக்கட் கூட்டம் வந்துகொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்காக நடந்து தம்புள்ளையூடாக மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளரே அவர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். கோப்பித் தோட்டங்களுக்குக் காடு வெட்டியவை இவர்தம் கைகளே. நிலத்தை இழந்த கண்டிக் குடியானவனும், அந்நிலத்தை ஒருநாளும் தனதாக்க இயலாத தமிழ்த் தொழிலாளியும் ஒரே மலைச்சாரலில் அடுத்தடுத்து வாழ நேர்ந்தமை இம்மாவட்ட வரலாற்றின் அவலங்களுள் ஒன்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்விழாவிலே ஐந்து தேர்கள் வீதியுலா வருவதைக் காண்போர் அம்மக்களின் வழித்தோன்றல்களை அங்கே இன்றும் காணலாம்.

கோப்பியின் வாழ்வு நீடிக்கவில்லை. 1869 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுக்குள் அதனை அழித்தது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தபோது, எந்தப் பயிரை ஏற்றிச் செல்ல அது போடப்பட்டதோ அப்பயிர் சாகத் தொடங்கிவிட்டது! தேயிலையும் சிங்கோனாவும் கொக்கோவும் ஏலமும் அதனிடத்தைப் பிடித்தன.

இக்காலத்திலேதான் காட்டைப் பேணவேண்டும் என்ற குரல் முதன்முதலாக நிறுவனத்தின் உள்ளிருந்து எழுந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைட்ஸ் காடழிப்பினால் நேரும் கேடுகளை உணர்ந்திருந்தார். கியூ பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கரும் அவ்வெண்ணத்தை வலியுறுத்தினார். 1873 ஆம் ஆண்டளவில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என அரசாங்கம் முடிவு செய்தது. மழையையும் ஆற்றுநீரையும் காக்கும்பொருட்டுச் செய்யப்பட்ட இம்முடிவு அறிவியல் நோக்கிலே மிக முற்போக்கானது. இன்று நக்கிள்ஸ் உச்சியிலே குறுமரக் காடுகள் எஞ்சியிருப்பதற்கு நாம் அவர்களுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் 1840 இலும் 1873 இலும் நிகழ்ந்தவற்றிடையே ஓர் ஒற்றுமையுண்டு. முதலாவதிலே காடு வெட்டுவதற்கென எடுக்கப்பட்டது. இரண்டாவதிலே காப்பதற்கென எடுக்கப்பட்டது. இரண்டிலும் காட்டோரத்து ஊரவரை எவரும் கேட்கவில்லை. 1885 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் அந்நிலையை உறுதிப்படுத்தியது. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டமும் அவ்வழியதே.

ஏலச்செய்கை இக்கதையின் மிகச் சிக்கலான பகுதி. ஏலம் வெயிலைத் தாங்காத பயிர். பெருமரங்களின் நிழல் அதற்கு வேண்டும். ஆதலால் ஏலம் பயிரிடுவோன் காட்டை வெட்டுவதில்லை என்றும், காடும் நிற்கும் வருவாயும் கிடைக்கும் என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டது. அரசாங்கமே குத்தகைக்கு நிலம் கொடுத்தது. தொலைவிலிருந்து பார்ப்போர்க்குக் காடு பசுமையாகவே தோன்றும். உள்ளே புகுந்தால் நிலை வேறு. ஏலம் வளரவேண்டின் அடிநிலைச் செடிகொடிகளை அகற்றவேண்டும். அவற்றோடு பெருமரங்களின் கன்றுகளும் போய்விடும். முதுமரம் ஒன்று விழின் அதனிடத்தை நிரப்ப இளமரம் இராது. பறித்த காயை உலர்த்தும் கொட்டில்களிலே இராப்பகலாக அடுப்பெரிய வேண்டும். அவ்விறகும் அக்காட்டிலிருந்தே வந்தது. பலதலைமுறைப் பயிர்ச்செய்கையின் பின் கூரை நின்று சுவர் இடிந்த வீடுபோலாயின அக்காடுகள். தாவரவியலாரின் கண்டனம் நியாயமானதே.

ஆனால் அச்செய்கையை நிறுத்துகையில் இழப்பு எவர்மேல் விழுந்தது என்பதும் நியாயமான வினாவே. குத்தகையாளர் பலர் வெளியூர்ச் செல்வர். அவர்க்கு வேறு தொழிலுண்டு. ஏலம் பறித்தும் கொட்டிலில் வேலை செய்தும் கைக்காசு பெற்ற அயற்கிராமத்து ஏழைகட்கு அஃது இல்லை. 2000 ஆம் ஆண்டு நக்கிள்ஸ் பேணற்காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இலே சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து, 'இலங்கையின் மத்திய மலைநாடு' என்னும் பெயரால் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. மரபுரிமைப் பரப்பிலே நக்கிள்ஸின் பங்கு ஏறத்தாழ 31,000 ஹெக்டேயர். இன்று ரிவர்ஸ்டன் வழியே இலுக்கும்புரைக்குச் செல்லும் பாதையில் விடுமுறை நாட்களிலே வாகனங்கள் நிரை நிரையாகச் செல்கின்றன. சுற்றுலாவினால் ஏலத்தின் வருவாய்க்கு ஈடு செய்யலாம் என்பது திட்டமிடுவோரின் எண்ணம். சில குடும்பங்களுக்கு அஃது உண்மையுமாகலாம். வழிகாட்டுவோனுக்கும் தேநீர்க் கடைக்காரனுக்கும் பயனுண்டு; சேனை வெட்டிய முதியவளுக்கு என்ன பயன் என்று கேட்பார் குறைவு.

இவ்விடத்தில் ஒருதலையாக எழுதிச் செல்வது முறையன்று. நிறுவனமும் மக்களும் இணைந்து நற்பயன் விளைத்த நிகழ்ச்சிகளும் இம்மாவட்டத்தில் உள. 2007 ஆம் ஆண்டு மாத்தளை மாநகர சபையும் செவனத என்னும் அமைப்பும், ஆசிய பசுபிக் பிராந்தியத்துக்கான ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவின் துணையுடன், நகரின் குப்பையைக் கூட்டெருவாக்கும் நிலையமொன்றைத் தொடங்கின. இம்முறை வங்காளதேசத்து டாக்கா நகரிலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டது. அழுகும் கழிவை வேறாகவும் ஏனையவற்றை வேறாகவும் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கும் இல்லத்தவரின்றி அந்நிலையம் ஒருநாளும் இயங்கியிராது. வில்கமுவைப் பக்கத்திலும் ஒரு சான்றுண்டு. 1984 இல் தேசியப் பூங்காவாகிய வஸ்கமுவையின் யானைகள் அயலூர்ப் பயிரை அழிப்பது நாளாந்தத் துன்பம். யானை தோடைமரத்தை விரும்பாது என்பதை அறிந்த அரசுசாராச் சங்கமொன்று வீட்டைச் சூழத் தோடை நடுமாறு ஊரவரைத் தூண்டியது. வேலியாகவும் விற்பனைப் பொருளாகவும் அம்மரம் உதவுகிறது. இவ்விரண்டும் சிறு முயற்சிகளே. எனினும் பயன்பெறுவோனே முயற்சியின் ஒரு பங்காளியாக இருந்தமையால் அவை வேரூன்றின. 2018 இல் நிறைவுற்ற மொறகஹகந்தை, களு கங்கை நீர்த்தேக்கங்களோ பெருமுயற்சிகள். பழைய பல்லேகம நகர் நீருட் சென்றது. வேறிடத்தில் லக்கலைப் புதுநகர் எழுந்தது. அதன் நன்மை தீமைகளை நிறுக்கக் காலம் இன்னும் கனியவில்லை.

எஞ்சுவது தோட்டத் தமிழரின் நிலை. 'எவரையும் பின்னே விட்டுவிடாதிருத்தல்' என்பது 2015 ஆம் ஆண்டு இலக்குகளின் உறுதிமொழி. காடு வெட்டியோரும் தேயிலை நட்டோருமாகிய இம்மக்கள் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்றேயன்றி அவர்க்கு நிலந் தரவில்லை; மாத்தளை, கண்டி மாவட்டங்களில் இருந்த வேலையையும் உறைவிடத்தையும் இழந்தோர் பலர். குடியுரிமை 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் ஒருவாறு முழுமையடைந்தது. வாக்குரிமை பெற்றபின்னும் உள்ளூராட்சி அவர்களை அணுகவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. இரத்தோட்டையில் ஒரு லயத்தின் வாசலுக்கு வீதியோ குடிநீரோ வேண்டின், அங்கு வாழ்வோர் வாக்களித்துத் தேர்ந்த சபையே கைவிரிக்க வேண்டியிருந்தது. தூய குடிநீர் என்னும் 6 ஆம் இலக்கும், ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் என்னும் 10 ஆம் இலக்கும் ஏற்கப்பட்டு மூன்றாண்டு கழிந்த பின்னரே, 2018 இல், அப்பிரிவு திருத்தப்பட்டது.

கச்சேரிப் பத்திரங்களிலும் வனத் திணைக்கள அறிக்கைகளிலும் நிறுவனத்தின் குரல் பதிவாகியுள்ளது. ஏலக் கொட்டிலில் அடுப்பெரித்தோரும் லயங்களில் வாழ்ந்தோரும் சேனைக் காவற்பரணில் இராக்கழித்தோரும் எழுதிவைத்தது சிறிது. இரத்தோட்டையிலும் லக்கலையிலும் உள்ள முதியோரிடம் சென்று அவர்தம் வாய்மொழியைச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்டெழுதும் பணியை நம் வரலாற்றுத்துறை மாணவர் ஒரு விடுமுறைக் காலத்திலேனும் மேற்கொள்ளலாம். அதற்குப் பேராதனையிலிருந்து ஒருநாட் பயணமே போதும்.